பிக்கப் வண்டியில் பிக்கப் இல்லை

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன்.

நான்கு மாதம் முன்பு ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கியிருக்கிறார். ஐந்து கியர், மேனுவல், மீட்டரில் 1,40,000 கிலோமீட்டர். வாங்குவதற்கு முன் தெருவுக்குள் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார், குறையொன்றும் தெரியவில்லை. ஊருக்குள் இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் ஏறி இருபது நிமிடம் ஆனதும் தொல்லை தொடங்குகிறது. 85, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் “பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல” வேகம் 65க்கு இறங்கிவிடுகிறது. மேடும் லோடும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகிறது. கரும்புகை இல்லை. டாஷ்போர்டில் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எப்போதாவது எரிந்து அணைகிறது.

முதல் மெக்கானிக் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றினார். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் பழைய கதை. இரண்டாவது மெக்கானிக் ஸ்கேனர் போட்டு, பி0087, பி0299 என்று இரண்டு பழுதுக் குறியீடுகளைத் தாளில் எடுத்துக் கொடுத்துவிட்டு, “டர்போ போயிடுச்சு, மாத்தணும். முடிஞ்சா இன்ஜினையும் இறக்கிப் பார்த்துடலாம்” என்றார். நண்பர் ஒருவர் கம்ப்யூட்டரில் ‘ட்யூனிங்’ பண்ணி இழுவையைக் கூட்டச் சொல்கிறார். மைத்துனரோ, “விற்றவன் ஏமாற்றிவிட்டான், வண்டியைத் திருப்பிக் கொடு” என்கிறார். டர்போவை மாற்றலாமா, வண்டியைத் தள்ளிவிடலாமா, விற்றவர் மேல் நடவடிக்கை எடுக்கலாமா? இதுதான் கேள்வி.

இனி உங்களிடமே பேசுகிறேன். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற அந்த டர்போவை இப்போதைக்கு மாற்றாதீர்கள். இன்ஜினை இறக்கும் பேச்சே வேண்டாம். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் ‘இதுதான்’ என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிடுகிறது.

ஊருக்குள் ஓடுகிறது, வெளியே ஓடவில்லை. ஏன்?

“ஸ்லோவில் நின்றால் பட்டுப்போல ஓடுகிறது, அதனால் டீசல் பக்கம் கோளாறு இருக்காது” என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமாகத் தோன்றும். ஆனால் நிற்கிற வண்டிக்கு எவ்வளவு டீசல் வேண்டும்? சொட்டு சொட்டாகப் போனாலே போதும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்க்கிற காற்றின் விசை நான்கு மடங்காகும், அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். பிக்கப்பின் முகமோ சுவர்போல நிமிர்ந்து நிற்பது. 45இல் போகும்போது வண்டி கேட்கிற டீசலும் காற்றும் வேறு, 90இல் லோடோடு மேடேறும்போது கேட்பது வேறு. பாதி அடைத்த குழாய் ஊருக்குள் முழுக் குழாய்போலவே நடிக்கும். மாட்டிக்கொள்வது நெடுஞ்சாலையில்தான்.

நெடுஞ்சாலையில் மட்டும் இழுவை போகிற வண்டியை நான் எடுத்ததும் மூன்று வழியாகப் பிரித்துப் பார்ப்பேன். டீசல் போதவில்லையா, காற்று போதவில்லையா, எரிந்த புகை வெளியேற வழியில்லையா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் இன்ஜின் சக்தி கொடுக்கிறது, அது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அப்போது கிளட்சையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும்.

காற்று போதாத டீசல் வண்டி பெரும்பாலும் கரும்புகை விடும், உங்களுடையது விடவில்லை. சைலன்சர் பக்கம் அடைத்திருந்தால் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகும். ஃபில்டர் மாற்றியதும் இரண்டு வாரம் சரியாகாது, பத்து நிமிட ஓய்வில் திரும்பி வராது.

அந்த ஒரு வரி

மூன்றாவது பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “முந்தைய உரிமையாளர் எட்டு மாதம் ஷெட்டிலேயே போட்டு வைத்திருந்தாராம்.” பேனாவால் அதற்கு வட்டம் போட்டேன். அடுத்த பக்கத்தில் இன்னொன்று: “டேங்க் நிரப்பிய அன்று தொல்லை குறைவாக இருப்பதுபோலத் தெரிகிறது, மனப்பிரமையாகவும் இருக்கலாம்.” மனப்பிரமை இல்லை என்று நினைக்கிறேன்.

பாதி டேங்க் டீசலோடு மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் என்ன நடக்கும்? மேலே காலியாக இருக்கும் இடத்துக் காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகி அடியில் தேங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனம். பயோடீசல் கலந்த டீசல் என்றால் தண்ணீரை இன்னும் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற மெல்லிய படலத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அவை டீசலையே தின்று வளர்பவை. டேங்கைக் கழற்றிப் பார்த்தால் அடியில் கறுப்பாக, வழுவழுவென்று பாசிபோல ஒன்று படிந்திருக்கும், விரலால் எடுத்தால் சவ்வுபோல நீளும். இரும்பு டேங்க் என்றால் கூடவே துருவும் இருக்கும்.

வண்டி வேகமாக ஓடும்போது டீசல் வேகமாக உறிஞ்சப்படுகிறது. அந்தச் சவ்வு எழும்பிவந்து உறிஞ்சும் குழாயின் நுனிச் சல்லடையில் ஒட்டிக்கொள்கிறது. ஸ்ட்ராவின் நுனியில் இலை ஒட்டிக்கொண்டால் எப்படி, அப்படி. இன்ஜினை நிறுத்தினால் உறிஞ்சல் நின்றுவிடுகிறது, சவ்வு மெல்ல விட்டு அடியில் இறங்குகிறது. பத்து நிமிடத்தில் வண்டி ‘குணமாகிவிடுகிறது’. டேங்க் நிறைந்திருக்கும்போது உறிஞ்ச வேண்டிய உயரமும் குறைவு, கசடும் கொஞ்சம் விரவிப்போகிறது.

சல்லடையைத் தாண்டி வந்த பொடிதான் உங்கள் புது ஃபில்டரை அடைத்திருக்கும். “ஃபில்டர் புதுசு, அதில் சந்தேகமே இல்லை” என்கிறீர்கள். டேங்க் அழுக்காக இருந்தால் புது ஃபில்டருக்கு இரண்டு வாரம்தான் ஆயுள். அது நன்றாக வேலை செய்தது என்பதற்கே இது சாட்சி. நீங்கள் கணக்குச் சொல்லும் இரண்டு வாரமும் இதோடு பொருந்துகிறது.

வண்டியை மெக்கானிக்கிடம் விடும் முன்

இவற்றை நீங்களே பார்க்கலாம், கருவி எதுவும் வேண்டாம். கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். வண்டி திணறினால் இண்டிகேட்டர் போட்டு, சாலையை விட்டு முழுக்க விலகிய பிறகே நிறுத்துங்கள். திணறுகிற வண்டியில் யாரையும் முந்தப் பார்க்காதீர்கள்.

முதலில் சாவிச் சோதனை. திணறியதும் நிறுத்தி, சாவியை அணைத்து, முப்பது விநாடி கழித்துக் கிளப்புங்கள். அந்த நொடியே முழு இழுவையும் வந்துவிட்டால், இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக வண்டியின் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்து வைத்திருந்தது, சாவியை அணைத்ததும் விட்டுவிட்டது என்று பொருள். முப்பது விநாடி போதாமல் பல நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தால் டேங்க் பக்கச் சந்தேகம் வலுக்கிறது. இதுவரை நீங்கள் எப்போதுமே பத்து நிமிடம் காத்திருக்கிறீர்கள், அதனால் இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த முறை திணறும்போது, நிறுத்தியதும் டீசல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் பலமாகக் கேட்டால் டேங்குக்குள் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. மூடியை மாற்றினாலோ குழாயைச் சுத்தம் செய்தாலோ தீர்ந்துவிடும். மூடிதான் காரணம் என்றால், டேங்க் நிரம்பியிருக்கும்போதுதான் சீக்கிரம் திணற வேண்டும், ஏனென்றால் அப்போது உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. உங்களுக்கு நேர்மாறாக நடப்பதால் மூடியின் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. பார்த்துவிடுவதில் நஷ்டமும் இல்லை.

கிளட்ச்: ஐந்தாவது கியரில் 60இல் போகும்போது சட்டென்று முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேகம் மட்டும் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்தே சோம்பலாக ஏறினால் கிளட்ச் மேல் பழியில்லை.

பிரேக்: கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்துங்கள். நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எட்டு மாதம் நின்ற வண்டியில் பிரேக் பிஸ்டன் துருப்பிடித்து இறுகுவது சகஜம்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் அளவு எண்ணையும், கதவோரம் ஒட்டியிருக்கும் கம்பெனி அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அழகுக்காகப் பெரிய டயர் மாட்டிய பிக்கப்புகள் ஐந்தாவது கியரில் முக்கும். நீங்கள் இதைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இன்ஜின் ஓடும்போது, டீசலைத் தூவுகிற இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தியோ, கையை வைத்துத் தடவியோ கசிவு பார்க்காதீர்கள். பழைய மெக்கானிக்குகள் அந்தக் காலத்து டீசல் இன்ஜினில் அப்படிச் செய்வார்கள். இந்தக் காலத்துக் காமன் ரெயில் இன்ஜினில், அதாவது ‘ரெயில்’ என்கிற பொதுக்குழாயில் டீசலை அழுத்தி வைத்து எல்லா இன்ஜெக்டருக்கும் பகிர்கிற இன்ஜினில், அந்தக் குழாய்க்குள் ஸ்லோவிலேயே சுமார் 300 பார் அழுத்தம், முழு இழுவையில் பல வண்டிகளில் 1,600 பாரையும் தாண்டும். கார் டயருக்குள் இருப்பது இரண்டரை பார் அளவுதான். ஊசிமுனைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டர்போ என்று சொன்ன அந்தத் தாள்

நீங்கள் அனுப்பிய ஸ்கேனர் தாளைப் பார்த்தேன். பி0299 என்றால் டர்போ கொடுக்க வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் டர்போ போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ஆனால் அதற்கு மேல்வரியில் பி0087 இருக்கிறது. டீசல் ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்பது அதன் பொருள். இதை ஏன் அவர் தாண்டிப் போனார் என்று எனக்குப் புரியவில்லை.

டர்போ தானாகச் சுற்றுவதில்லை. எரிந்த புகையின் வேகமும் சூடும்தான் அதைச் சுற்றுகின்றன. டீசல் குறைந்தால் எரிப்பு குறையும், புகை குறையும், டர்போ சோம்பும், காற்றழுத்தம் விழும். உடனே கம்ப்யூட்டர் பி0299 என்று எழுதிவைக்கும். அடுப்பில் விறகு இல்லாததற்கு உலைமூடியைக் குறை சொல்கிற கதை. குறியீடு எந்த இடத்தில் அளவு தவறியது என்று மட்டும் சொல்லும், எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. நானும் இதில் அடிபட்டவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் பி0299ஐ நம்பி ஒரு வண்டிக்கு டர்போ மாற்றினேன். மாற்றி முடித்து ஓட்டினால் அதே திணறல். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பிளவு, அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். அந்த வாடிக்கையாளரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே டர்போ மேல் பழி போடுவதற்கு முன் மெக்கானிக் இரண்டு அளவை எடுக்கட்டும். நின்ற இடத்தில் ரேஸ் பண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. ஸ்கேனரை மாட்டியபடியே நெடுஞ்சாலையில், லோடோடு ஓட்டி, திணறுகிற அந்த நேரத்தில் பதிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் கேட்ட ரெயில் அழுத்தம் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு? கேட்ட காற்றழுத்தம் எவ்வளவு, வந்தது எவ்வளவு? எது முதலில் விழுகிறது? டீசல் அழுத்தம் முதலில் விழுந்து காற்று அதன் பின்னால் விழுந்தால் டர்போ நிரபராதி. காற்று முதலில் விழுந்தால் முதலில் ஹோஸ்கள், அப்புறம் டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் குழாய்கள், கடைசியாக டர்போ. ஒரு சின்ன வேலையும் இருக்கிறது: சாவியைப் போட்டு இன்ஜினைக் கிளப்பாமல் காற்றழுத்த சென்சாரின் அளவைப் பாருங்கள். அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும், கடல்மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல். காட்டவில்லை என்றால் சென்சாரே பொய் சொல்கிறது.

டீசல் பக்கம் என்று உறுதியானால் அடுத்த கேள்வி, எந்த இடத்தில்? உங்கள் வண்டியில் டேங்குக்குள் பம்ப் இல்லாமல் உறிஞ்சி எடுக்கிற அமைப்பு என்றால், ஃபில்டருக்கு முன்னும் பின்னும், உறிஞ்சும் இழுப்பை அளக்கிற வேக்குவம் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். முன்னாலேயே இழுப்பு பலமாக இருந்தால் அடைப்பு டேங்க் பக்கம். பின்னால் மட்டும் பலமாக இருந்தால் ஃபில்டர். இரண்டிலும் இழுப்பு சாதாரணமாக இருந்து ரெயில் அழுத்தம் விழுந்தால், உயரழுத்தப் பம்ப், அதன் வால்வு, அல்லது டேங்குக்குத் திரும்பும் குழாயில் அதிகமாகக் கசிகிற இன்ஜெக்டர். கண்ணாடிபோன்ற குழாய் ஒன்றை இடையில் மாட்டினால் குமிழி வருகிறதா என்றும் தெரிந்துவிடும். குமிழி வந்தால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. டேங்குக்குள் பம்ப் உள்ள வண்டி என்றால் இழுப்புக்குப் பதில் அழுத்தத்தை அளக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு வேலை இன்றைக்கே செய்யக்கூடியது. இப்போது மாட்டியிருக்கும் ஃபில்டரைக் கழற்றி, அதில் இருக்கும் டீசலை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி ஒரு இரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் தனிப் படலமாகத் தண்ணீரோ கறுப்புப் பொடியோ நின்றால், டேங்கைக் கழற்றிக் கழுவ வேறு ஆதாரம் தேவையில்லை. வெள்ளிபோல மினுக்கும் துகள் தெரிந்தால் மட்டும் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். உயரழுத்தப் பம்புக்கு மசகே டீசல்தான். டீசல் போதாமல் தொடர்ந்து ஓட்டினால் பம்ப் தேய்ந்து, அந்த இரும்புப் பொடி இன்ஜெக்டர்வரை போய்விடும். டேங்க் கழுவும் வேலையோடு முடிந்திருக்க வேண்டியது, முழு டீசல் அமைப்பையும் மாற்றுவதில் போய் நிற்கும். தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நண்பர் சொல்லும் ட்யூனிங் இப்போது வேண்டாம். இருக்கிற தேவைக்கே டீசல் போதாத வண்டியிடம் இன்னும் அதிகமாகக் கேட்பது அது. மூச்சுத் திணறுகிறவனை வேகமாக ஓடச் சொல்வதற்குச் சமம்.

விற்றவர் ஏமாற்றினாரா?

மைத்துனரின் கோபம் புரிகிறது. ஆனால் எட்டு மாதம் ஷெட்டில் போட்டிருந்ததை உங்களிடம் சொன்னதே விற்றவர்தானே? மறைக்க நினைப்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கடைசி நாட்களில் ஊருக்குள் மட்டும் ஓட்டியிருந்தால் அவருக்கே தெரியாமல் இருந்திருக்கவும் கூடும். குறை இருந்தது என்பது ஒன்று, குறை இருப்பது தெரிந்தே மறைத்தார் என்பது வேறு. பல நாட்டுச் சட்டங்களில் இந்த வேறுபாட்டுக்குத்தான் எடை அதிகம். தனிநபரிடம் ‘இருக்கிறபடியே’ என்று எழுதி வாங்கியதா, வாகன வியாபாரியிடம் உத்தரவாதத்தோடு வாங்கியதா என்பதைப் பொறுத்தும் உங்கள் உரிமை மாறும். ஒப்பந்தத் தாளை எடுத்து முதலில் அதைப் பாருங்கள். வியாபாரி என்றால் உள்ளூர் நுகர்வோர் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் செலவழிப்பது நல்லது.

இரண்டாவது மெக்கானிக் குறியீடுகளைத் தாளில் எடுத்த கையோடு அழித்தும் விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழுது நீக்கியது ஆகாது. போதாக்குறைக்கு ஒரு சாட்சியும் போய்விட்டது. குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரத்தைப் பல வண்டிகளின் கம்ப்யூட்டர் எண்ணி வைக்கும். நீங்கள் வாங்கியதற்குச் சற்று முன் யாராவது விளக்கை அணைத்து விற்றிருந்தால் அந்த எண்ணிலிருந்து கண்டுபிடித்திருக்கலாம். இனி அது சுழியிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கும். இனிமேல் யார் ஸ்கேனர் போட்டாலும் முதலில் முழுப் பக்கத்தையும் பதிவெடுத்துக்கொண்டு, அப்புறம்தான் அழிக்க விட வேண்டும்.

விற்றவரிடம் நஷ்டத்தைக் கேட்பது என்று முடிவு செய்தால் வரிசை முக்கியம். முதலில் வண்டியில் சம்பந்தமில்லாத ஒரு பணிமனையில் சோதித்து, அளவுகளோடு எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்து விற்றவருக்கு எழுத்திலேயே தெரியப்படுத்துங்கள். பழுது பார்ப்பது அதற்குப் பிறகு. கழற்றிய ஃபில்டர், கண்ணாடிப் பாத்திரத்து டீசல் எதையும் எறிய வேண்டாம், தேதி எழுதி ஒட்டி வையுங்கள். எல்லாம் மாற்றி வண்டி ஜம்மென்று ஓடத் தொடங்கிய பிறகு போய் ‘குறை இருந்தது’ என்றால் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. வண்டியைத் திருப்பித் தருவதைவிடக் கழுவும் செலவில் ஒரு பங்கைப் பேசி வாங்குவது எளிது என்பது என் அனுபவம்.

விற்றுவிடுவதாக இருந்தால், இந்தத் திணறலைச் சொல்லித்தான் விற்க வேண்டும். நீங்கள் எனக்கு எழுதிய கடிதமே, உங்களுக்கு அது தெரியும் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது! ஆனால் விற்கும் கட்டத்துக்கு இது வரும் என்று நான் நினைக்கவில்லை. ஸ்லோவில் சீராக ஓடி, புகையில்லாமல், எண்ணெய் குடிக்காமல் இருக்கிற 1,40,000 கிலோமீட்டர் டீசல் இன்ஜினுக்கு இன்னும் நிறைய ஆயுள் இருக்கிறது.

டேங்கைக் கழற்றும் நாளில் வண்டியை விட்டுவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். டேங்கை மட்டும் கழுவிவிட்டு நுனிச் சல்லடையை அப்படியே மாட்டிவிடுவார்கள், அதையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய்களைப் பின்புறமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் மாட்டி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அந்த ஃபில்டரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அடியில் என்ன இருந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.